வலம்புரி ஒளி, இடம்புரி ஒளி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான் பேசப் போறேன். காரணம், இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் என்னோட சொந்த வேலை. ஆர்கானிக் எலக்ட்ரானிக்ஸ் லேப்ல நான் தினமும் செய்யறது இதைத்தான். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு கல்யாண வீடுகள்ல யாராவது கேட்டா நான் பேச்சை மாத்திடுவேன். இங்க அந்தக் கஷ்டம் இல்லை, உங்களுக்கு எப்படியும் அரை மணி நேரம் டிராஃபிக்ல போகப்போகுது.

முதல்ல ஒரு சின்னப் பரிசோதனை. வீட்ல ரியல்டி 3டி படம் பார்த்த கண்ணாடி கிடக்கும். தியேட்டர்ல ஏன் திருப்பிக் கொடுக்கலைன்னு நான் கேட்கமாட்டேன். (சிரிப்பு) அதைப் போட்டுக்கிட்டு முகம் பார்க்கிற கண்ணாடி முன்னாடி நில்லுங்க. இடது கண்ணை மூடிட்டு வலது கண்ணால மட்டும் பாருங்க. மூடியிருக்கிற இடது கண் லென்ஸ் வழியா நல்லாத் தெரியும். ஆனா பார்த்துக்கிட்டு இருக்கிற வலது கண்ணு தெரியாது, அந்த லென்ஸ் கறுப்பா இருக்கும். கண்ணை மாத்தி மூடினா கறுப்பும் மாறிடும்.

இந்த ஒரு விஷயத்துக்குள்ளேயே இன்னைக்குப் பேசப்போற பெரும்பாலானது இருக்கு.

சுழன்று வரும் ஒளி

ஒளி ஒரு அலை. அதுல அதிர்வது மின்புலம். ஒரு கயிற்றைச் சுவர்ல கட்டி, மறுமுனையை மேலும் கீழுமா ஆட்டினா, கயிறு ஒரே தளத்துல அலையும். பள்ளிக்கூடப் புத்தகத்துல "தளவிளைவுற்ற ஒளி"ன்னு படிச்சது இதுதான். அதே முனையை மேல கீழ ஆட்டாம வட்டமாச் சுத்தினா? ஸ்கிரூ மாதிரி ஒரு சுருள் கயிறு வழியாப் போகும். ஒளியிலும் அப்படி ஒரு வகை உண்டு. அதோட மின்புலம் ஒரே தளத்துல நிக்காது, சுழன்றுகிட்டே முன்னேறும். பச்சை ஒளின்னா நொடிக்கு 500 லட்சம் கோடி தடவைக்கும் மேல சுழலும். இதுக்குப் பேர் வட்டத் தளவிளைவு, சர்குலர் போலரைசேஷன். இந்தப் பெயரை வெச்சவர் ஃபிரான்ஸ் நாட்டு ஃப்ரெனல், 1820களில்.

சுழற்சின்னு வந்தாலே ரெண்டு திசை உண்டு. வலஞ்சுழி, இடஞ்சுழி. நம்ம ஊர்ல இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது, சங்கு இருக்கு. இடம்புரி சங்கு சாதாரணமாக் கிடைக்கும், வலம்புரி அரிது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கண்ணாடி பிம்பம். எப்படித் திருப்பினாலும் ஒண்ணு இன்னொண்ணா மாறாது. ஒரு வேடிக்கை என்னன்னா, நாம வலம்புரின்னு சொல்றதை உயிரியல்காரங்க இடப்பக்கச் சுழற்சின்னு சொல்லுவாங்க. சங்கை எந்தப் பக்கம் மேலே பிடிச்சுப் பார்க்கறோம் என்பதுதான் வித்தியாசம். ஒளியிலும் இதே பஞ்சாயத்து உண்டு. ஒளி கிளம்புற இடத்துலருந்து பார்த்து வலம் இடம் சொல்றவங்க ஒரு கூட்டம், வந்து சேருற இடத்துலருந்து சொல்றவங்க இன்னொரு கூட்டம். ரெண்டு பேப்பரை ஒப்பிடும்போது முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

தியேட்டருக்கு வருவோம். ரியல்டி புரொஜெக்டர், ஒரு கண்ணுக்கான படத்தை வலஞ்சுழி ஒளியாவும் இன்னொரு கண்ணுக்கானதை இடஞ்சுழியாவும் மாத்தி மாத்தி அனுப்பும். லென்ஸ் ஒவ்வொண்ணும் ஒரு சுழற்சியை மட்டும் உள்ள விடும். தலையைச் சாய்ச்சாலும் சுழற்சியோட திசை மாறாது, அதனால பக்கத்து சீட்ல இருக்கிறவங்க தோள்ல சாஞ்சுக்கிட்டும் படம் பார்க்கலாம்.

முகம் பார்க்கிற கண்ணாடியில பட்டா சுழற்சி தலைகீழாகும். உங்க வலது லென்ஸ்லருந்து கிளம்பின ஒளி ஒரு சுழற்சியில போகுது, பட்டுத் திரும்பும்போது எதிர்ச் சுழற்சியில வருது, அதே லென்ஸ் அதை உள்ள விடாது. அதனாலதான் கறுப்பு. இதை நினைவுல வெச்சுக்கோங்க, ரெண்டு தடவை தேவைப்படும்.

சிலிக்கானுக்கு இது தெரியாது

உங்க போன் கேமராவில இருக்கிற சென்சார் சிலிக்கான். வலஞ்சுழி ஒளி வந்தாலும் இடஞ்சுழி ஒளி வந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். சிலிக்கான் படிகத்துக்கு வலம் இடம்னு ஒரு சார்பே கிடையாது. அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? முன்னாடி ரெண்டு தகடு வெப்பாங்க. முதல் தகடு கால் அலைத் தகடு, குவாட்டர் வேவ் பிளேட். ஒளியை ரெண்டு செங்குத்துக் கூறாப் பிரிச்சு, ஒண்ணை மட்டும் கால் அலை தாமதப்படுத்தும். சுழன்று வந்த ஒளி நேர் அதிர்வா மாறிடும். வலஞ்சுழின்னா ஒரு பக்கம் சாய்ஞ்ச அதிர்வு, இடஞ்சுழின்னா எதிர்ப்பக்கம் சாய்ஞ்ச அதிர்வு. ரெண்டாவது தகடு சாதாரண போலரைசர். ஒரு சாய்வை விடும், இன்னொண்ணை நிறுத்தும். அதுக்குப் பின்னாடி சிலிக்கான்.

இதுல ஒரு சிக்கல். கால் அலை என்பது எந்த நிறத்தோட அலையில கால்? பச்சைக்குச் சரியா வெட்டின தகடு சிவப்புக்குச் சரியா வராது. இதைச் சமாளிக்க, தகடுகளைக் குறிப்பிட்ட கோணங்கள்ல அடுக்கிப் பல நிறங்களுக்கும் வேலை செய்யற மாதிரி ஒரு வழியை 1955இல் வெளியிட்டவர் எஸ். பஞ்சரத்னம். சி.வி. ராமனோட சகோதரி மகன், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பார்த்தவர். அப்போ அவருக்கு வயசு 21. அடுத்த வருஷம் அவர் எழுதினதுதான் இன்னைக்கு உலகம் முழுக்க "பஞ்சரத்னம் ஃபேஸ்"னு படிக்கிறாங்க. 35 வயசுல இறந்துட்டார். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இவர் பேர் இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கலாம்.

மூலக்கூறையே சங்கு மாதிரி செஞ்சா?

இப்போ என் வேலைக்கு வரேன். தகடே இல்லாம, ஒளியை உறிஞ்சுற பொருளுக்கே வலம் இடம் தெரிஞ்சா எப்படி இருக்கும்?

ஆர்கானிக் செமிகண்டக்டர்னா கார்பன் மூலக்கூறுகளால ஆன குறைக்கடத்தி. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும்னு காட்டினதுக்கு ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூணு பேருக்கும் 2000இல் வேதியியல் நோபல் கிடைச்சது. உங்க போன் ஓஎல்இடி ஸ்கிரீன்ல ஒளிர்வதும் இந்தக் குடும்பம்தான். சிலிக்கான் படிகத்தை நம்ம இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. கார்பன் மூலக்கூறை வேதியியல்காரங்க கிட்டத்தட்ட வேணும்கிற வடிவத்துல கட்டலாம். சங்கு வடிவத்துலயும் கட்டலாம்.

கண்ணாடி பிம்பத்தோட ஒத்துப்போகாத மூலக்கூறுக்குக் கைரல் மூலக்கூறுன்னு பேர். கிரேக்க மொழியில கைங்கிற சொல்லுலருந்து வந்தது. நம்ம "கை"யோட ஒலி பொருந்திப் போறது தற்செயல்தான், ஆனா ஞாபகம் வெச்சுக்க வசதி.

இதுல எனக்குப் பிடிச்சது ஹெலிசீன். பென்சீன் வளையங்களை ஒட்டி ஒட்டி வளைச்சுக்கிட்டே போங்க. ஆறாவது வளையம் வரும்போது முதல் வளையத்து மேல முட்டும். இடம் இல்லை, அதனால மேல ஏறும். சுழல் படிக்கட்டு தயார். வலப்பக்கம் ஏறலாம், இடப்பக்கமும் ஏறலாம்.

2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில ஃபுக்டர், கேம்ப்பெல் குழுவினர் இப்படி ஒரு ஹெலிசீனை, ஒரு கார்பனுக்குப் பதிலா நைட்ரஜன் வெச்ச 1-அசா[6]ஹெலிசீனை, டிரான்சிஸ்டராச் செஞ்சாங்க. புற ஊதா ஒளியை அதுமேல விட்டாங்க. ஒரு சுழற்சி ஒளிக்கு மின்னோட்டம் நல்லா மாறுச்சு, எதிர்ச் சுழற்சிக்கு அந்த அளவுக்கு இல்லை. ஹெலிசீனோட கண்ணாடி பிம்பத்தை வெச்சு இன்னொரு டிரான்சிஸ்டர் செஞ்சா, பதிலும் திரும்பிடுச்சு. ஃபில்டர் எதுவும் இல்லை. அதுக்கு முன்னாடியே, 2010இல், நெதர்லாந்து ஐந்தோவன்ல மெஸ்கர்ஸ் குழு கைரல் பாலிமர் வெச்ச சோலார் செல் ஒண்ணு சுழற்சியைப் பிரிச்சுப் பார்க்கும்னு காட்டியிருந்தது. 2019இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்ல ஸ்குவாரைன் என்கிற சாயப்பொருளை வெச்சு போட்டோடயோடு செஞ்சாங்க. சாயம், அவ்வளவுதான். கரைசலாக் கரைச்சுப் பூசலாம்.

ஆயிரத்துல ஒண்ணு

கேட்க நல்லா இருக்கு இல்லையா? இப்போ கசப்பான பகுதி.

ஒரு பொருள் எவ்வளவு நல்லாப் பிரிக்குதுன்னு சொல்ல ஜி-ஃபேக்டர்னு ஒரு எண் உண்டு. இடஞ்சுழிக்குக் கிடைச்ச சிக்னல்லருந்து வலஞ்சுழிக்குக் கிடைச்சதைக் கழிச்சு, அதை ரெண்டோட சராசரியால வகுக்கணும். ரெண்டும் சமம்னா பூஜ்யம். ஒண்ணு மட்டும் கிடைச்சு இன்னொண்ணு துளியும் இல்லைன்னா 2, இல்லைன்னா மைனஸ் 2. அதுக்கு மேல போகவே முடியாது. 3க்கு 1 என்கிற விகிதத்துல பிரிச்சா ஜி 1.

சாதாரணக் கைரல் மூலக்கூறைக் கரைசல்ல அளந்தா எவ்வளவு வரும்? ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டு. 0.002ன்னு வெச்சுக்குவோம். ஒரு பக்கம் 1001, இன்னொரு பக்கம் 999. இதை வெச்சு என்ன டிடெக்டர் செய்யறது?

ஏன் இவ்வளவு கம்மி? அளவுதான் காரணம். பச்சை ஒளி ஒரு சுற்று சுத்தி முடிக்க சுமார் 550 நானோமீட்டர் போகணும். மூலக்கூறோட அளவு ஒரு நானோமீட்டர். பெரிய ரிங் ரோட்ல ஒரு எறும்பு நிக்குதுன்னு நினைச்சுக்கோங்க. அதோட காலுக்குக் கீழே ரோடு நேராத்தான் இருக்கும். வளைவு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அப்போ தீர்வு, எறும்புகளைச் சேர்த்து ஊர்வலம் விடறது. மூலக்கூறுகள் ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி அடுக்கினா, முழு அடுக்கும் ஒரு பெரிய சுருளாகும். வண்டுகள் இதை எப்பவோ செஞ்சிருக்கு. உலோகம் மாதிரி மின்னுற சில வண்டுகளோட ஓட்டுல பட்டுத் திரும்புற ஒளி வட்டத் தளவிளைவு அடைஞ்சிருக்கும்னு 1911லேயே மைக்கல்சன் கவனிச்சார். ஓட்டுல இருக்கிற கைட்டின் நார்கள் திரும்பித் திரும்பி அடுக்கியிருக்கிறதுதான் காரணம். லேப்ல நாங்க படலத்தைச் சூடாக்கி ஆறவிடறது, கரைப்பானை மாத்தறது எல்லாம் இந்த அடுக்கு அமையட்டும்னுதான். அப்படி அமைஞ்சா ஜி-ஃபேக்டர் பல மடங்கு ஏறும், நூறு மடங்குக்கு மேலயும் ஏறியிருக்கு.

நம்பலாமா?

இங்கதான் கவனமா இருக்கணும். படலம் அடுக்கா அமையும்போது அதுல ஒரு நேர்த்திசைச் சாய்வும் வந்துடும், மர இழை மாதிரி. அந்த இழைத் திசைகள் ஒண்ணுக்கொண்ணு கலந்தா, கைரலே இல்லாத படலம் கூடக் கைரல் மாதிரி நடிக்கும். கருவி அழகான ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கும் மூலக்கூறோட சங்கு வடிவத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

அதனால நான் எந்த பேப்பரை எடுத்தாலும், எங்க லேப்ல யார் ரிசல்ட் காட்டினாலும், மூணு கேள்வி கேட்பேன்.

ஒண்ணு, படலத்தைத் திருப்பி வெச்சு அளந்தீங்களா? வலம்புரிச் சங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலம்புரிதான். முன்பக்கம் அளந்தா ஒரு குறி, பின்பக்கம் அளந்தா எதிர்க்குறின்னா, அது இழைகளோட விளையாட்டு.

ரெண்டு, எதிர்க்கை மூலக்கூறை வெச்சு இன்னொரு சாதனம் செஞ்சீங்களா? அது சரியாக் கண்ணாடி பிம்பமா வரணும்.

மூணு, ரெண்டு கையையும் சமமாக் கலந்து ஒரு சாதனம் செஞ்சீங்களா? அது பூஜ்யம் காட்டணும். இதுல பூஜ்யம் வரலைன்னா தப்பு பெரும்பாலும் ஒளிப்பாதையில இருக்கும். தகட்டைச் சுழற்றி வலத்துலருந்து இடத்துக்கு மாத்தும்போது ஒளியோட அளவே ஒரு சதவீதம் மாறியிருந்தா, ஜி-ஃபேக்டர்ல 0.01 பொய்யா ஏறிடும். சில பொருட்களோட உண்மையான மதிப்பே அதைவிடச் சின்னது.

இன்னும் ரெண்டு இடைஞ்சல். போட்டோடயோடுக்குப் பின்னாடி உலோக மின்முனை இருக்கும், அது ஒரு கண்ணாடி. உறிஞ்சாம மிஞ்சின ஒளி அதுல பட்டுத் திரும்பும்போது சுழற்சி தலைகீழாகி வரும். முதல் தடவை நிராகரிச்ச ஒளியை ரெண்டாவது தடவை அதே படலம் ஆசையா உறிஞ்சும். பிரிச்சது பாதி வீண். சரி, படலத்தைத் தடிமனாக்கி, திரும்பி வர ஒளியே இல்லாமப் பண்ணலாமா? தடிமன் ஏற ஏற ரெண்டு சுழற்சியும் முழுசா உறிஞ்சப்படும், ரெண்டு மின்னோட்டமும் சமமாகும், வித்தியாசம் காணாமப் போகும். எல்லாத்தையும் விழுங்குற டிடெக்டரால எதையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. உணர்திறன் வேணுமா, பிரித்தறியும் திறன் வேணுமான்னு ஒவ்வொரு தடவையும் எங்கயோ ஒரு இடத்துல கோடு போட வேண்டியிருக்கு. எங்க துறையில நடக்கிற பாதிச் சண்டை அந்தக் கோட்டைப் பத்தித்தான்.

"அக்கா, எதுக்கு இதெல்லாம்?"

எங்க லேப்ல புதுசா ஒரு ஜூனியர் சேர்ந்தான். முதல் வாரமே கேட்டான்: "அக்கா, ஒரு ஃபில்டர் ஒட்டினா முடிஞ்சுதே. நாம எதுக்கு அஞ்சு வருஷம் இதுல போடணும்?"

கோபம் வரல. அவன் கேட்டது அவனோட அஞ்சு வருஷம். யாரா இருந்தாலும் கேட்டே ஆகணும்.

அவன் பக்கம் இன்னொரு பலமான சாட்சியும் இருக்கு. சுழற்சியைக் கண்ணால பிரிச்சுப் பார்க்கிற உயிரினம் ஒண்ணு இருக்கு, மாண்டிஸ் ஷ்ரிம்ப். இறால் மாதிரி இருக்கும், குத்துச்சண்டைக்காரன் மாதிரி அடிக்கும். அதுக்கு இந்தத் திறன் இருக்குன்னு 2008இல் நிரூபிச்சாங்க. எப்படிச் செய்யுது? கைரல் மூலக்கூறு இல்லை. கண்ணுல ஒரு செல் கால் அலைத் தகடா வேலை செய்யுது, கீழ இருக்கிற செல்கள் போலரைசரா வேலை செய்யுது. இயற்கையே ஃபில்டர் வழியைத்தான் எடுத்திருக்கு!

நான் அவன்கிட்ட சொன்ன பதில் இதுதான். ஒரே ஒரு டிடெக்டர் வேணும், மேஜை மேல வைக்கணும்னா, ஃபில்டரே போதும். இன்னைக்கு ஃபில்டர்தான் ஜெயிக்கும். ஆனா லட்சக்கணக்கான பிக்சல் இருக்கிற ஒரு கேமரா வேணும், ஒரு பிக்சல் வலம், பக்கத்துப் பிக்சல் இடம்னு மாறி மாறி வேணும்னா, ஒவ்வொண்ணு மேலயும் தகட்டைக் கோணம் பிசகாம ஒட்டறது பெரிய வேலை. ரெண்டு மையை மாத்தி மாத்தி அச்சடிக்கிறது அதைவிட எளிமை. வளையுற பிளாஸ்டிக் மேலயும் அச்சடிக்கலாம். சுழற்சி திசையைப் பார்க்கிற கேமரா எதுக்கு? பனிமூட்டத்துலயும் உடல் திசுக்குள்ளயும் ஒளி சிதறும்போது, பல நேரங்கள்ல நேர் அதிர்வைவிடச் சுழற்சி கூடுதல் தூரம் தாக்குப்பிடிக்கும். மருந்து மூலக்கூறுகள் பலதும் கைரல். வலது கை குணப்படுத்தும், இடது கை சும்மா இருக்கும், சில நேரம் கெடுக்கும். எந்தக் கைன்னு பார்க்கிற கருவிகள் இந்த ஒளியைத்தான் பயன்படுத்துது.

இன்னொண்ணு, உங்க பாக்கெட்ல இருக்கு. பெரும்பாலான ஓஎல்இடி போன் ஸ்கிரீன் மேல ஒரு சர்குலர் போலரைசர் ஒட்டியிருக்கும். வெயில்ல உள்ள போற ஒளி சுழற்சியாகி, பின்னாடி உலோகத்துல பட்டு, எதிர்ச் சுழற்சியில திரும்பி, அங்கேயே மாட்டிக்கும். 3டி கண்ணாடியில பார்த்த அதே கறுப்பு. அதனாலதான் வெளியிலயும் ஸ்கிரீன் படிக்க முடியுது. ஆனா ஸ்கிரீன்லருந்து வெளிய வர ஒளியிலயும் குறைஞ்சது பாதியை அது தின்னுடும். பிக்சலே சரியான சுழற்சியில ஒளிர்ந்தா அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கலாம், பேட்டரியும் நிக்கும். ஒளியைப் பிரிச்சு உறிஞ்சக் கத்துக்கிட்ட அதே வகைக் கைரல் மூலக்கூறுகளைத்தான் ஒளிர வைக்கவும் முயற்சி பண்றாங்க. டிடெக்டர்ல நாங்க கத்துக்கிறது அங்கயும் போகும்.

இதெல்லாம் கடைக்கு வந்தாச்சான்னு கேட்டா, இல்லை. இன்னும் லேப்லதான் இருக்கு. கைரல் பெரோவ்ஸ்கைட்னு போட்டிக்கு வேற ஆட்களும் இருக்காங்க, ஆனா அதுல பல வகைகள்ல ஈயம் இருக்கு. எது ஜெயிக்கும்னு நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஜூனியர் ஒரு நாள் யோசிச்சுட்டு வந்தான். "சரிக்கா, சேர்ந்துக்கறேன். ஆனா நான் முதல்ல செய்யப்போறது ரெண்டு கையையும் கலந்த சாதனம். அது பூஜ்யம் காட்டின பிறகுதான் மத்தது"ன்னான். இப்போ ரெண்டு வாரமா அந்தப் பூஜ்யத்தைத்தான் துரத்திக்கிட்டு இருக்கான். நேத்து வரைக்கும் 0.004ல நிக்குது.

அடுத்த எபிசோட்ல, ஆர்கானிக் சோலார் செல் ஏன் வெயில்லயே கெட்டுப்போகுதுன்னு பேசுவோம். கண்ணாடிப் பரிசோதனையைப் பண்ணிப் பார்த்தா எழுதுங்க, முக்கியமா ஒரு லென்ஸும் கறுப்பாகலைன்னா. உங்க தியேட்டர் வேற வகைக் கண்ணாடி கொடுத்திருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கிறதும் சுவாரசியம்தான். பத்திரமாப் போங்க.